வங்கியின் வலுவேஷனைக் கட்டி விற்பவரிடம் காட்டலாமா?

தங்கச்சி, வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். உப்புவெளிப் பக்கம் ஒருவர் காணியைத் துண்டுகளாக்கி ஐந்து வீடு கட்டி விற்கிறார். அதில் ஒன்றை 2 கோடி 40 லட்சத்துக்குப் பேசி 5 லட்சம் முற்பணமும் கொடுத்துவிட்டீர்கள். கடனுக்காக வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் 2 கோடி 10 லட்சம் என்று எழுதியிருக்கிறார். விற்பவரோ, "ரிப்போட்டை வட்சப்பில போடுங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்" என்கிறார். கணவர் டோஹாவில். கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழு அறிக்கையை அனுப்ப வேண்டாம். அதிலுள்ள மொத்தத் தொகையையும், அந்தத் தொகை எப்படி வந்தது என்று காட்டும் இரண்டு மூன்று அளவுகளையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அதையும் வங்கியில் ஒரு வார்த்தை கேட்ட பிறகு செய்யுங்கள். திருகோணமலையில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த அறிக்கைகளை நாள்தோறும் வாசித்ததுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இந்த அறிக்கை யாருடையது? மதிப்பீட்டாளரின் கட்டணத்தை நீங்கள்தான் கட்டினீர்கள், அதனால் உங்களுடையது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்தைப் பாருங்கள். அநேகமாக வங்கி முகாமையாளருக்கு என்றுதான் விலாசமிட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில், இது குறிப்பிட்ட கடன் தேவைக்கு மட்டும், வேறு எவரும் இதை நம்பிச் செய்யும் காரியத்துக்கு நான் பொறுப்பல்ல என்ற கருத்தில் ஒரு வாசகம் இருக்கும். சில வங்கிகள் வாடிக்கையாளருக்குப் பிரதியே கொடுக்க மாட்டா. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, நல்லது. அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுப்பதற்கு முன், கடன் உத்தியோகத்தரிடம், "தொகையையும் அளவுகளையும் விற்பவரிடம் சொல்லி விலை பேசலாமா" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓம் என்றுதான் சொல்வார்கள். கேட்டு வைத்தது பிறகு உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

இனி, விற்பவர் அதில் எதைப் பார்ப்பார்? ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆசிரியர்களான ஒரு தம்பதி, 1 கோடி 60 லட்சத்துக்குப் பேசிய வீட்டுக்கு எங்களிடம் கடன் கேட்டார்கள். மதிப்பீடு 1 கோடி 78 லட்சம் வந்தது. அவர்களுக்குத் தாங்காத சந்தோஷம். அந்த மனிதர் பிரதியை மட்டை ஃபைலில் போட்டுக்கொண்டு நேரே விற்பவரின் சைட் ஒபீசுக்குப் போய்விட்டார். விற்பவர் முன் பக்கங்களை ஒன்றுமே வாசிக்கவில்லையாம். கடைசித் தாளைப் புரட்டி, சட்டைப்பையில் இருந்த நீலப் பேனையை எடுத்து, அந்தத் தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாராம். அடுத்த கிழமை ஒரு கணக்கு வந்தது. மதிலுக்கு இவ்வளவு, கேற்றுக்கு இவ்வளவு, குசினி அலுமாரிக்கு இவ்வளவு. முன்னர் வாய்ப்பேச்சில் விலைக்குள் அடங்கியிருந்த எல்லாம் தனித்தனியாக வந்தன. கூட்டினால் 14 லட்சம். ஃபைலை என் மேசையில் வைத்து அந்த மனிதர் இதைச் சொன்னபோது அவருடைய கை நடுங்கியது. வட்டம் போட்ட தாள் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் மதிப்பீடு விலையைவிடக் கூட வந்தால் வாயே திறக்க வேண்டாம். "லோன் சரி வந்திட்டுது" என்றால் போதும். அது பொய் இல்லை. விற்பவருக்குத் தெரிய வேண்டியதும் அவ்வளவுதான்.

தொகையைத் தவிர வேறு விஷயங்களும் அதில் இருக்கின்றன. எங்கள் அறிக்கைகளில் வழக்கமாக இரண்டு பெறுமதிகள் வரும். ஒன்று திறந்த சந்தைப் பெறுமதி. மற்றது கட்டாய விற்பனைப் பெறுமதி, அதாவது நாளைக்கே அவசரமாக விற்க நேர்ந்தால் கிடைக்கக்கூடியது. உங்கள் பெயர், விலாசம், என்ன தேவைக்குக் கடன், இவையும் இருக்கும். இதைக் கையில் வைத்திருப்பவருக்கு உங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும், கைக்காசாக எவ்வளவு போடப் போகிறீர்கள் என்று கணக்குப் போடுவது பெரிய வேலை இல்லை. இன்னொன்றும் உண்டு. மற்ற நான்கு வீடுகளை விற்கும்போது வருபவர்களிடம், வங்கியே இந்த ஸ்கீமை மதித்திருக்கிறது என்று உங்கள் தாளைக் காட்டலாம். உங்கள் கடன் விபரம் ஊராருக்கு விளம்பரமாகும். வட்சப்பில் போன தாள் எங்கெங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

சரி, உங்கள் விஷயம் இதற்கு மறுபக்கம். மதிப்பீடு குறைவாக வந்திருக்கிறது. இங்கே பேசாமல் இருந்தால் நட்டம் உங்களுக்குத்தான். உங்கள் வங்கி 75 வீதம் தரும் என்று எழுதியிருந்தீர்கள். 2 கோடி 40 லட்சத்தில் அது 1 கோடி 80 லட்சம். நீங்கள் 60 லட்சம் சேர்த்து வைத்ததும் அந்தக் கணக்கில்தான். ஆனால் பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதில்தான் வங்கி வீதம் போடும். 2 கோடி 10 லட்சத்தில் 75 வீதம் 1 கோடி 57 லட்சத்து 50 ஆயிரம். அப்படியானால் உங்கள் கையிலிருந்து 82 லட்சத்து 50 ஆயிரம் போக வேண்டும். இன்னும் 22 லட்சத்து 50 ஆயிரம் தேட வேண்டும். இதற்கு மேல் உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்ற கணக்கில் 2 கோடி 40 லட்சத்துக்கு 9 லட்சத்து 59 ஆயிரம் வருகிறது. நொத்தாரிசின் கட்டணம் வேறு. இந்தப் பள்ளத்தை நகையை அடகு வைத்து நிரப்பலாம் என்று கணவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை இப்போது யோசிக்காதீர்கள். அந்தப் பள்ளம் முழுவதும் உங்களுடையது அல்ல. பாதியையாவது விற்பவர் நிரப்ப வேண்டியவர்.

அதற்கு அறிக்கையின் உள்ளே போக வேண்டும். நீங்கள் அனுப்பிய விபரத்தின்படி, காணி 12 பேர்ச், பேர்ச் 7 லட்சம், ஆக 84 லட்சம். கட்டிடம் 1,400 சதுர அடி, சதுர அடி 9,000 ரூபாய், ஆக 1 கோடி 26 லட்சம். கூட்டினால் 2 கோடி 10 லட்சம் சரியாக வருகிறது. இந்த நான்கு எண்களில் எதையெல்லாம் விவாதிக்கலாம், எதை விவாதிக்க முடியாது என்று பிரித்துப் பாருங்கள். பேர்ச் விலையும் சதுர அடி விலையும் மதிப்பீட்டாளரின் தீர்ப்பு. பக்கத்தில் நடந்த விற்பனைகளைப் பார்த்துப் போட்டிருப்பார். அவரோடு அதில் மல்லுக்கட்ட முடியாது. ஆனால் பரப்பளவு தீர்ப்பு அல்ல, நாடா பிடித்து அளக்கிற சங்கதி. விற்பவரின் விளம்பரத் தாளில் 1,520 சதுர அடி என்று இருப்பதாகச் சொன்னீர்கள். 120 சதுர அடி எங்கே போனது? முன் விறாந்தையையும் கார் நிறுத்தும் இடத்தையும் மதிப்பீட்டாளர் முழு விலைக்கு எடுக்காமல் விட்டிருக்கலாம். விற்பவர் கூட்டிப் போட்டிருக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட கட்டிடப் பிளானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது உண்மையிலேயே விடுபட்ட அளவு என்றால் 10 லட்சத்து 80 ஆயிரம் மதிப்பீட்டில் ஏறும். விலைக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள 30 லட்சம் வித்தியாசத்தில் மிச்சம் 19 லட்சத்து 20 ஆயிரம். அது புது வீடு, புது ரைல்ஸ், கடற்கரைப் பக்கம் என்பதற்காக விற்பவர் ஏற்றி வைத்த விலை. அதைத்தான் பேசிக் குறைக்க வேண்டும்.

மதிப்பீட்டைக் குறைக்கும் இன்னொரு சாமான் பாதை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருமுறை மார்கழி மாதம், மழை விட்ட ஒரு நாள், மதிப்பீட்டாளரோடு நானும் அலஸ்தோட்டத்தில் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். பிளானில் 15 அடி ஒழுங்கை. அவர் நாடாவின் ஒரு நுனியை என்னிடம் தந்து இந்தப் பக்க வேலிக் கட்டையில் பிடிக்கச் சொன்னார். மற்ற நுனியோடு எதிர்ப்பக்க மதிலுக்குப் போனார். 11 அடி 4 அங்குலம். இரண்டு பக்கத்து வளவுக்காரரும் ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கிறார்கள். பிறகு குனிந்து அந்தப் புது மதிலைக் காட்டினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மண்ணிறத்தில் ஒரு கோடு, வெள்ளம் நின்ற அடையாளம். பெயின்ற் பூசி மூன்று மாதம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது பேர்ச் விலையில் ஒன்றரை லட்சத்தைக் குறைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் விளக்கவில்லை. உங்கள் அறிக்கையிலும் பாதை அகலம் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். பிளானில் உள்ளதற்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால், பாதையைச் சரிசெய்து தரச் சொல்லி, துண்டாக்கி விற்பவரிடம் கேளுங்கள்.

இனி விற்பவருக்கு எப்படி எழுதுவது? வட்சப் வேண்டாம், கடிதமாக எழுதுங்கள். இப்படி இருக்கட்டும்: "வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டையும் காணியையும் சேர்த்து 2 கோடி 10 லட்சம் எனக் கணித்துள்ளார். கட்டிடம் 1,400 சதுர அடி, காணி 12 பேர்ச் என எடுத்துள்ளார். உங்கள் தாளில் 1,520 சதுர அடி என உள்ளது. அங்கீகரிக்கப்பட்ட கட்டிடப் பிளானையும், நில அளவைப் பிளானையும், இணக்கச் சான்றிதழையும் தந்தால் வங்கியிடம் கொடுத்து மறுபரிசீலனை கேட்பேன். அதன் பிறகும் வித்தியாசம் இருந்தால் விலையை மீண்டும் பேச வேண்டும்." இவ்வளவுதான். இணக்கச் சான்றிதழ் என்பது, அங்கீகரித்த பிளானின்படிதான் வீடு கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டும் தாள். பெயர், கட்டாய விற்பனைப் பெறுமதி, மதிப்பீட்டாளர் யார் என்பது எதுவும் வேண்டாம்.

மதிப்பீட்டாளரின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. திருமலை சின்ன ஊர். பெயர் தெரிந்தால் விற்பவர் அவருக்கு நேரே போன் எடுப்பார். தெரிந்த ஆளைப் பிடித்துப் பேசுவார். அப்படிப் பேசி ஏறிய தொகை உங்களுக்கு உதவி என்று முதலில் தோன்றும். ஆனால் வீட்டின் உண்மையான பெறுமதி அப்படியே நிற்க, உங்கள் கடன் மட்டும் ஏறும். இருபது வருடம் கட்டப்போவது நீங்கள். திருத்தம் எதுவானாலும் ஆவணத்தோடு, வங்கி வழியாக மதிப்பீட்டாளரிடம் போகட்டும். வங்கி மறுத்தால், அதன் பட்டியலில் உள்ள இன்னொருவரை வைத்து இரண்டாவது மதிப்பீடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். கட்டணம் இன்னொருமுறை போகும். ஆனால் 22 லட்சத்தோடு ஒப்பிட்டால் அது சின்னக் காசு. விற்பவர் தன்னிடம் ஏற்கனவே ஒரு வலுவேஷன் இருக்கிறது என்று நீட்டினால் வாங்கிப் பாருங்கள், கட்டிட விபரங்களுக்கு உதவும். விலைக்கு அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். அது அவருக்காக, அவர் காசில் எழுதப்பட்டது.

விலை பேசும் கட்டத்தில் உங்களிடம் சில யோசனைகள் வைக்கப்படும். "அக்ரிமென்டில 2 கோடி 80 எண்டு போடுவம், வங்கி கூடத் தரும், மிச்சத்தை நான் திருப்பித் தாறன்" என்பது ஒன்று. இது வங்கியை ஏமாற்றுவது. கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். மதிப்பீடு குறைவாக வந்த பிறகு இதனால் பிரயோசனமும் இல்லை, வங்கி குறைந்த எண்ணைத்தான் பார்க்கும். இதற்கு எதிர்மாறான யோசனையும் வரும். உறுதியில் குறைத்து எழுதினால் முத்திரைத் தீர்வை குறையும் என்பார்கள். அதுவும் வேண்டாம். சந்தைப் பெறுமதிக்குத்தான் தீர்வை. குறைத்துக் காட்டினால் மிச்சத்தைக் கட்டச் சொல்லிக் கேட்கலாம். அதோடு 2018 முதல் சொத்து விற்கும்போது மூலதன ஈட்டுக்கு வரி உண்டு. இன்று குறைத்து எழுதினால், நாளைக்கு நீங்கள் விற்கும்போது இலாபம் பெரிதாகத் தெரியும், வரியும் உங்கள் தலையில் விழும். எங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் இப்படிக் குறைத்து எழுதி எழுதித்தான், ஒப்பிட்டுப் பார்க்க உறுதி எடுத்தால் சரியான விலை தெரியாமல் மதிப்பீட்டாளர்கள் திண்டாடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, விலையைக் குறைக்காமல் சாமான் தருவது. ஏசி, குசினி அலுமாரி, தண்ணீர்த் தாங்கி. இதைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 3 லட்சம் பெறுமதியான சாமான் வந்தால் வீட்டின் உண்மை விலை அவ்வளவால் குறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை வங்கிக்கும் சொல்ல வேண்டும். லண்டனில் இருக்கும் உங்கள் அண்ணாவும் காசு போடுகிறார் என்றீர்கள், அவரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே புது வீடு விற்பவர் வாங்குபவருக்குத் தரும் சலுகைகளை எல்லாம் ஒரு படிவத்தில் எழுதிக் கடன் கொடுப்பவரின் பார்வைக்கு வைக்க வேண்டும். 2008 முதல் அந்த ஏற்பாடு இருக்கிறது. சலுகையை ஒளித்தால் விலை ஊதிப்போகும் என்று அனுபவத்தில் கண்டுதான் கொண்டுவந்தார்கள். இங்கே அப்படிப் படிவம் இல்லாவிட்டாலும் நீங்கள் கடிதத்தில் எழுதி வைக்கலாம்.

அப்புறம் அந்த 5 லட்சம். வெறும் ரசீதுக்குக் கொடுத்தீர்களா, நொத்தாரிசு முன்னிலையில் எழுதினீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நிலபுலன் விற்பதற்கான உடன்படிக்கை எழுத்தில், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்கக் கையெழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதை வைத்து வீட்டை எழுதித் தரச் சொல்லி நிர்ப்பந்திக்க முடியாது. இதுவரை ரசீதுதான் என்றால், இனி எழுதும் உடன்படிக்கையில் ஒரு வரி கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். வங்கி மதிப்பீடு பேசிய விலைக்குக் குறைந்து கடன் போதாமல் போனால், முற்பணம் முழுதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்ற வரி. விற்பவர் அதற்கு மறுத்தால், அவருக்கே தன் விலையில் நம்பிக்கை இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். கணவர் டோஹாவில் இருப்பதால், அவருடைய பெயரிலும் வாங்குவதென்றால் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம், தேவை. அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அதை உறுதிப்படுத்தி அனுப்ப நாள் எடுக்கும். இன்றே தொடங்கச் சொல்லுங்கள்.

மதிப்பீடு எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காணி உரித்து சுத்தமா என்று அது பார்ப்பதில்லை. எங்கள் மாவட்டத்தில் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள் நிறைய. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, விற்பவர் முழுக் காணியையும் தன் கடனுக்காக வேறொரு வங்கியில் ஈடு வைத்திருக்கிறாரா என்றும் உங்கள் நொத்தாரிசு பார்க்க வேண்டும். இருந்தால் உங்கள் துண்டுக்கு விடுவிப்பு வேண்டும். கடற்கரையோரம் என்பதால் இன்னொன்று: சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டியிருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். சுவருக்குள் இருக்கும் கம்பி உப்புக் காற்றில் எப்படி இருக்கிறது, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதும் மதிப்பீட்டில் வராது. அதற்கு நம்பிக்கையான ஒரு மேசனையோ எஞ்ஜினியரையோ ஒரு நாள் கூட்டிப் போங்கள்.

செவ்வாய்க்கிழமை விற்பவரைச் சந்திப்பதாக எழுதியிருந்தீர்கள். அறிக்கையை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டேன் என்று அவரிடம் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். கைப்பையில் ஒரு அளவு நாடாவும் இருக்கட்டும். தம்பியையோ மச்சானையோ கூட்டிக்கொண்டு, அரை மணித்தியாலம் முன்னதாகப் போய், ஒழுங்கையின் வாயிலிலும் நடுவிலும் உங்கள் கேற்றடியிலும் மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொண்டு உள்ளே போங்கள்.